இரண்டு ஓடைக்கு ஒரே பாலம்

சிங்காரத்துக்கு வாய்தான் மூலதனம். திருத்தணி தாலுகா கச்சேரி வாசலில், மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த மனிதர், அந்த வாயை வைத்தே ஜில்லா போர்டு மெம்பராகி இரண்டு முறை ஜெயித்துவிட்டார். தமிழ் ஊரில் தமிழ், தெலுங்கு ஊரில் தெலுங்கு. இங்கே மாமா, அங்கே பாவா. எல்லைப்புறத்தில் அரசியல் பண்ண வேறென்ன வேண்டும்?

யுத்தம் முடிந்ததும் அவருடைய மூன்றாவது தேர்தல் வந்தது. தோற்றால் பழையபடி மரத்தடிதான். கொத்தப்பள்ளிக்குப் போய், கற்பூரத்தை ஏற்றி அணைத்து, வரப்போகிற ஒரே பாலம் உங்கள் ஓடைக்குத்தான் என்று தெலுங்கில் சத்தியம் செய்தார். மறுவாரம் எல்லையம்மன்குப்பத்தில் அதே சத்தியம், தமிழில்.

ஆடிக் கிருத்திகையன்று, ஓட்டுப் போடுகிறவர்கள் பார்க்கட்டுமென்று காவடி தூக்கி மலையேறினார். மேலே பங்காருவும் கெங்கம்மாளும் காத்திருந்தார்கள். பங்காரு எல்லையம்மன்குப்பத்து விவசாயி. கெங்கம்மாள் கொத்தப்பள்ளிக்காரி. பங்காருவின் மகளைக் கட்டியவன் அவள் தம்பி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பது இரண்டு பாஷையும் தெரிந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. என்ன கெட்டிக்காரத்தனம்!

கெங்கம்மாள் தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினாள். “சாமி பாத்துகினு கீறாரு. பாலம் யாருக்கு, சொல்லுங்க நைனா.”

தோளில் காவடி, சுற்றிலும் இரண்டு ஊர் ஜனங்கள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை.

“யாருக்கும் இல்லம்மா. போர்டுல நான் இன்னும் கேக்கவே இல்ல.”

தேர்தலில் அவருக்கென்று வைத்த பச்சை ஓட்டுப் பெட்டி ஏறக்குறைய காலியாகவே திரும்பியது. அவமானத்தில் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர்கள் பங்காருவும் கெங்கம்மாளும்தான்.

“புது மெம்பருக்கு மனு எழுதணும். ரெண்டு ஓடைக்கும் பாலம் வோணும்,” என்றார் பங்காரு. “ஒங்கள மாதிரி எழுத வேற யாரு கீறாங்க?”

தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று எழுதினார். மெம்பராக இருந்த வருஷங்களில் எதையும் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை. எழுதி முடித்து, கைநாட்டு வைக்க மையை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

கெங்கம்மாள் கட்டைவிரலை நீட்டவில்லை.

“இருங்க நைனா. ரெண்டையும் படிச்சுக் காட்டுங்க. ரெண்டுலயும் ஒரே விஷயந்தான் கீதான்னு நாங்க கேட்டுக்கிறோம்.”