மணல் தீவில் ஒரு லிட்டர் தண்ணீர்

"நாளைக்கு மதியம் தண்ணி ஏறினதும் வந்துடறேன். அதுவரைக்கும் இங்க போன் எடுக்காது" என்று சொல்லிவிட்டுப் படகுக்காரர் திரும்பினார். அந்தக் கடைசி வார்த்தை தங்கையின் வயிற்றில் பாலை வார்த்தது. திங்கட்கிழமைக்குள் அவள் டாக்டருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சிறுநீரகங்கள் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நேற்று ஒன்று முடிந்தது, அடுத்தது திங்கள். நடுவில் கிடைத்த இரண்டு நாளில் ஆளில்லாத தீவில் கூடாரம் போட்டு மீன் பிடிக்க வேண்டும் என்று குழந்தைபோல் அடம்பிடித்து வந்திருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவன் குடிக்கலாம். அண்ணி நாளுக்கு ஒன்றாக இரண்டு புட்டிகளில் நீல மார்க்கரால் கோடுகள் போட்டுக் கொடுத்திருந்தாள், கோட்டுக்கு இரண்டு மணி நேரம்.

மூன்று வாரம் முன்பு, எல்லோரும் கூடியிருந்தபோது, "என் கிட்னி ஒண்ணை நான் தர்றேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள். அண்ணி கட்டிக்கொண்டு அழுதாள். பரிசோதனைகள் முடிந்தபின் டாக்டர் தனியாக அழைத்தார். "உங்களுக்கு மனசில்லைன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. பொருந்தலைன்னு சொல்லிடறேன். காரணம் யாருக்கும் தெரியாது." அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ராத்திரியில் விலா எலும்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

"மணல்ல டென்ட் ஆணி நிக்காது, கத்தரி" என்றான் அண்ணன். தையல் கூடத்தில் துணி வெட்டும் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பேர். "பையில மணலை ரொப்பிப் புதைச்சு, அதுல கயித்தைக் கட்டு."

"உன் லிஃப்ட்டுல ஏறுறவங்களும் இந்த மணல் மூட்டையை நம்பித்தான் ஏறுறாங்களா?"

"அவங்க என்னை நம்பி ஏறுறாங்க. அதுதான் இன்னும் பயங்கரம்."

வெயில் சாய்ந்தபோது அவன் தூண்டிலில் பெரிதாக ஏதோ மாட்டியது. டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து நரம்பு புடைத்திருக்கும் இடக்கையால் அவன் பாரம் இழுக்கக் கூடாது. அவனோ தண்ணீருக்குள் நின்று இரண்டு கையாலும் பற்றியிருந்தான். தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் இடுப்பளவு தண்ணீரில் ஓடிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அலை இரண்டு முறை கவிழ்த்துப் போட்டும் விடவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் கரைக்கு வந்தது.

அண்ணன் மீனைப் பார்க்கவில்லை.

"யோசிக்காம ஓடி வந்துட்ட" என்றான். "டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டாரா?"

அவள் மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கக் குனிந்தாள்.

"பொருந்தலைன்னு சொல்லிடறேன்னு சொல்லியிருப்பாரு. அப்பாவுக்கு நான் கிட்னி தர்றதுக்குப் பார்த்தப்போ எனக்கும் அதைத்தான் சொன்னாங்க."

"உனக்குத்தான் நிஜமாவே பொருந்தலையே."

"பொருந்துச்சு."

அலை வந்து மீனின் வாலை நனைத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு வருடம் முன்பு, மகனுடையது பொருந்தவில்லை என்று சொன்ன எட்டே மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவர் இவனைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார். 'விடுடா, உன் தப்பா என்ன? உன்னைப் போட்டு அலைய வச்சுட்டேன்' என்று மகனிடம் மன்னிப்புக் கேட்டதைத் தங்கை தன் காதால் கேட்டிருக்கிறாள்.

"இப்ப எதுக்கு இதை என்கிட்ட சொல்ற?"

"வாங்கிட்டுச் சொன்னா ஏமாத்தினதா ஆயிடும். நீ பொருந்தலைன்னு சொல்லு கத்தரி. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

மீனைச் சுட்டார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் அவள் மணல் மூட்டைகளைத் தோண்டி எடுத்துக் கொட்டினாள். அப்பாவின் மெலிந்த கை கண்ணுக்குள்ளேயே நின்றது. கோபத்தில் கயிற்று முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் இரண்டாவது புட்டியைப் பார்த்தாள். முதல் கோட்டுக்கு மேலேயே தண்ணீர் நின்றது. உதடு வெடித்துப்போய் அண்ணன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். 'பொருந்தலை' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்து தப்பித்தவன் பன்னிரண்டு வருடத்தில் எங்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மூடியைத் திறந்து நீட்டினாள். "மூணு கோடு தாண்டியிருக்கணும். குடி."

குடித்தான்.

படகு பாதி தூரம் வந்ததும் போன் உயிர்பெற்றது. அவள் டாக்டரை அழைத்தாள். "நான்தான் சார். ஆபரேஷனுக்குத் தேதி போட்டுடுங்க… இல்ல சார், பயமாத்தான் இருக்கு. போடுங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாத" என்றாள் அவள். "அப்பா விஷயத்துல எனக்கு ஆறல. எப்ப ஆறும்னு தெரியல. ஆறாமலேகூடப் போகலாம்."

"சரி" என்றான். தலை நிமிரவில்லை.

"மீனு ஏதாவது கிடைச்சுதா?" என்று படகுக்காரர் கேட்டார்.

"ஒண்ணு" என்றாள் தங்கை. மிச்சத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, புட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.