கைநாட்டு

விழாவுக்கு அம்மா வரக்கூடாது என்பதற்காகச் சின்னவள் ஒரு வாரமாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும் என்றாள். மூன்று மணி நேரம் இழுப்பார்கள், முதுகு வலிக்கும் என்றாள். கடைசியில், பெற்றோர் யாருமே வரப்போவதில்லை என்று கூசாமல் ஒரு பொய்யையும் சொன்னாள்.

"யாரும் வரலைன்னா என்ன? நான் ஷிப்ட் மாத்தி வாங்கிட்டேன்," என்றாள் அம்மா. போனில் அவள் குரலுக்குப் பின்னால் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. "என் பொண்ணு மேடையேறிப் பேசறதை நான் பார்க்காம வேற யாரு பார்க்கிறது?"

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே பதினாறு பேர். எந்தத் துணி எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் ஓடினால் கிருமி சாகும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பதிவேட்டில் அச்சடித்தது போன்ற எழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். சின்னவளுக்கு ஐந்து வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த வேலையை வைத்துத்தான் இரண்டு பெண்களையும் வளர்த்தாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சின்னவள் உதவித்தொகையில் வேதியியல் இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறாள்.

சிக்கலே அந்த உதவித்தொகையில்தான். விண்ணப்பத்தோடு 'நான் யார்' என்று இரண்டு பக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். சின்னவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அரைப் பக்கத்தில் முடிந்துபோயிற்று. அவள் சேர நினைத்த கல்லூரியில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த, அதே தெருவைச் சேர்ந்த அக்கா ஒருத்தி அதை வாங்கிப் படித்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சப்புனு இருக்குடி. இவ நல்லாத்தானே இருக்கான்னு தூக்கி ஓரமா வச்சிடுவாங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்."

சின்னவள் மறுபடி உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். அந்தக் கடிதத்தில் ஓர் அம்மா வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி துவைப்பவள். தான் பட்டினி கிடந்து, சில நாள் மகளும் பட்டினி கிடந்து, அப்படியும் அவளைப் பள்ளிக்கு அனுப்பியவள். எழுத எழுதச் சின்னவளுக்கே அழுகை வந்தது. பெற்றோர் இடத்தில் மாமாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டாள். இடம் கிடைத்தது.

கடிதம் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உதவித்தொகை மாணவி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்குத் தோதாக அவளும் நடந்துகொண்டாள். அம்மா வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பை விடுதிப் பெட்டியிலேயே வைத்துவிட்டுத் தேய்ந்ததைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கியவள், அங்கே யாராவது பேசினால் தலையைக் குனிந்துகொண்டாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் முதல் நாள் முழுக்கப் பேச்சே வராது. எந்தக் குரலில் பேசுவது என்று குழம்பும்.

உதவித்தொகை தொடங்கி இருபத்தைந்து ஆண்டு ஆனதையொட்டி விழா எடுத்தார்கள். பொறுப்பாளர் மேடம் பழைய கோப்புகளைப் புரட்டி அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்தார். "இதையே மேடையில படிச்சிடு. ஒரு வரி மாத்தாதே. அம்மாவை முன் வரிசையில உட்கார வைக்கலாம்," என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சின்னவள் நினைத்தாள். வாய் மட்டும், "சரிங்க மேடம்" என்றது.

விழா அன்று அம்மா அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். மடிப்புக் கலையாத உடை, தோளில் கைப்பை. மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இருவரையும் காத்திருக்கச் சொன்னார்கள். மேசை மேல் நிகழ்ச்சி நிரல் அடுக்கியிருந்தது. சின்னவள் கையை நீட்டுவதற்குள் அம்மா ஒன்றை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உள் பக்கத்தில் கடிதத்தைப் பாதிக்கு மேல் அச்சிட்டிருந்தார்கள்.

அம்மா நிதானமாகப் படித்தாள். பதிவேட்டைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியின் கீழும் விரல் நகர்ந்தது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"யாரு இந்தப் பொம்பளை?"

"அம்மா..."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கிறேன். எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"சீட்டு கிடைக்கணும்னு எழுதினேம்மா. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்கன்னு சொன்னாங்க."

அம்மாவின் குரல் இறங்கியது. "என்னைக்குடி பட்டினி கிடந்த நீ?"

அதற்குள் கதவு திறந்தது. பொறுப்பாளர் மேடம் ஒரு படிவத்தோடும் ஸ்டாம்ப் பேடோடும் உள்ளே வந்தார். காது கேளாதவரிடம் பேசுவது போலச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"அம்மா, வாங்க. பயப்படாதீங்க. உங்களைப் போட்டோ எடுப்பாங்க. அதுக்கு நீங்க சம்மதம் சொல்லணும். இங்க கைநாட்டு வச்சா போதும்."

ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து முன்னால் தள்ளினார். அம்மா அந்த நீல மையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"எந்த விரலுங்க?" என்று கேட்டாள் அம்மா.

"இடது கைப் பெருவிரல். நான் பிடிச்சு வைக்கட்டுமா?"

"வேணாங்க."

அம்மா விரலை மையில் ஒற்றிப் படிவத்தில் வைத்தாள். மேடம் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, "உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா," என்றார். அம்மா தலையைக் குனிந்து, "சரிங்க," என்றாள்.

அந்தக் குனிந்த தலையைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை. படுக்கை விரிப்பு வரத் தாமதமானது என்று கத்திய பெரிய டாக்டரிடமே நிமிர்ந்து நின்று பதில் சொன்னவள் அவள்.

மேடம் போனதும் அம்மா எழுந்தாள். "போய் ஒழுங்காப் படி. சீட்டு போயிடக்கூடாது. மத்ததை வீட்ல வச்சுக்கலாம்."

அரங்கம் நிறைந்திருந்தது. சின்னவள் முதல் பத்தியைத் திக்காமல் படித்தாள். அடுத்த வரி, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது. அதற்கு முன் தலை நிமிர்ந்து பார்த்தாள். முன் வரிசையில் அம்மா இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைச் சீமாட்டி நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு, அம்மாவின் பக்கம் சாய்ந்து அவள் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அம்மா அசையவில்லை.

சின்னவளால் அந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை.

"அடுத்த வரி பொய்," என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "இதை எழுதினது நான். எங்க அம்மாவுக்கு இது தெரியாது. அவங்க ஆஸ்பத்திரியில மேற்பார்வையாளர். எனக்கு எழுதக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். நாங்க பட்டினி கிடந்ததில்ல."

யாரோ மைக்கை அணைத்தார்கள். அவள் படியில் இறங்கும்போது முன் வரிசையில் அம்மாவின் இருக்கை காலியாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில்தான் அம்மாவைப் பிடிக்க முடிந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "நான் எதுக்கு அந்த மையில விரலை வச்சேன்? இப்ப என் மானமும் போச்சு, உன் படிப்பும் போச்சு."

"என்னால முடியலம்மா."

"ரெண்டு வருஷமா முடிஞ்சுதுல்ல?"

சின்னவள் கையில் கசங்கியிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்காகச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத," என்றாள் அம்மா.

"உனக்காக இல்லம்மா. எனக்கே மூச்சு முட்டிடுச்சு."

அம்மா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் அவளுடைய மதிப்பெண் பட்டியலை வெகு நேரம் பார்த்தார்.

"உண்மையை எழுதியிருந்தாலும் உனக்குக் கிடைச்சிருக்கும். எதுக்கும்மா இந்தக் கதை?"

அவள் வழி நெடுக ஒத்திகை பார்த்த பதில் மறந்துவிட்டது. "நாங்க இருக்கிற மாதிரியே இருந்தா போதும்னு எனக்குத் தோணலை சார்," என்றாள்.

பெரியவர் எதையோ எழுதிக்கொண்டார். அந்த ஆண்டோடு உதவித்தொகை நின்றது. கல்லூரியிலிருந்து நீக்கவில்லை. விடுதி அறையைக் காலி செய்துவிட்டுத் தினமும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று பஸ்ஸில் அலைந்தாள். வகுப்பில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தாழ்வாரத்தில் ஒருவன் அவள் காதுபட 'நடிகை' என்றான். திரும்பி, "ஆமா, என்ன வேணும்?" என்று கேட்டாள். அவன் நகர்ந்துவிட்டான்.

அம்மா ஒரு மாதம் தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு ஒரு நாள், வார இறுதியில் சலவைப் பிரிவில் துணி மடிக்க ஆள் தேவை என்று சொன்னாள். "என் ஷிப்ட்ல வேண்டாம். சலுகை காட்டறேன்னு பேசுவாங்க."

முதல் நாள் மட்டும் வேலையைக் காட்டிக்கொடுக்க அம்மாவே கூட்டிப்போனாள். வெள்ளைத் துணி மலைகளுக்கு நடுவே பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். யாரு இது என்று ஒருத்தி கேட்டாள்.

"என் சின்னப் பொண்ணு," என்றாள் அம்மா. "நல்லா எழுதுவா. கொஞ்சம் ஜாஸ்தியாவே எழுதுவா."

விஷயம் புரியாமலே எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு முகம் சுட்டது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் முறைக்கவும் இல்லை. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையை எடுக்கும்படி கண்ணால் காட்டினாள்.