நுரைக்கு நடுவே

முற்றத்துக் கற்களின்மேல் மரப்பீப்பாய் கடகடவென்று உருண்டு வருகிற சத்தம் கேட்டதுமே என் புருஷன் ஓட்மார் முகத்தைச் சுளித்தான்.

"எவன்டா அது, பீரை உலுக்கிக்கிட்டு வர்றது?"

வேறு யார், என் தம்பி பெர்த்தோல்ட்தான். தூக்கி வரச் சொன்னால் உருட்டித்தான் வருவான். பிறந்ததிலிருந்தே அவனுக்கு உடம்பு வணங்காது.

ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கம் எங்கள் ஊரில் தேவாலயத் திருவிழா ஞாயிறன்று வீட்டுக்காரன் கையால்தான் பீப்பாய் திறக்க வேண்டும். பித்தளைக் குழாயின் முனையைத் தக்கைமேல் வைத்து மரச்சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. தக்கை உள்ளே போய்விடும், குழாய் அந்த ஓட்டையில் இறுகிவிடும். இரண்டாவது அடி விழுந்துவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் தெருவில் தலைகாட்ட முடியாது, அப்படிக் கிண்டல் செய்வார்கள். ஓட்மாருக்கு இரண்டாவது அடி தேவைப்பட்டதே இல்லை. ஆனால் போன திருவிழாவுக்கு அவனுக்குக் கண் இருந்தது. பனிக்காலத்தில் ஒன்று போனது, செர்ரி பூப்பதற்குள் மற்றதும் போய்விட்டது.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டான்.

"ஹெட்விக், இன்னிக்கு நான் தட்டலேன்னா, இனிமே இந்த வீட்ல நானும் ஒரு விருந்தாளிதான்."

சுத்தியல் குறி தவறி, பீரெல்லாம் மண்ணுக்குப் போய், வந்தவர்கள் வரிசையாக நின்று உச்சுக்கொட்டுவதை நான் எப்படிப் பார்ப்பேன்? அதைவிட அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே தேவலை என்றுகூடத் தோன்றியது. என்ன புத்தியோ எனக்கு.

வால்நட் மரத்தடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தொத்திறைச்சி அடுப்பில் வெடித்துக்கொண்டிருந்தது. ஓட்மார் பீப்பாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான்.

"இது இன்னும் கோவமா இருக்கு. மொதல்ல சாப்பிடுங்க. கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் திறக்கலாம்."

பக்கத்து வீட்டு ரோஸ்வீத்தா என் காதில் "பாவம், பயப்படுறாரு" என்றாள். அவள் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் அவ்வளவு கோபம்.

பெர்த்தோல்ட் சுத்தியலை எடுத்துக்கொண்டான். "மச்சான், நாக்கு வறண்டு போச்சு. நீங்க உக்காருங்க, நான் ஒரு போடு போடுறேன்."

"டேய், உருட்டிட்டு வந்த பீப்பாய்டா. மூஞ்சில அடிக்கும்."

"பீர்தானே மச்சான், புலியா என்ன?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அடி கோணலாக விழுந்தது. தக்கை உள்ளே போனது, குழாய் வெளியே நழுவியது. அவ்வளவுதான், சீறிக்கொண்டு வந்தது பாருங்கள், மேசை, மரம், ஆள் என்று பார்க்காமல் வெள்ளை வெள்ளையாக அடித்தது. "ஐயோ என் கண்ணு!" என்று அலறினாள் ரோஸ்வீத்தா. கண் எரிச்சலில் எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் முட்டினார்கள். நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகக் கண்ணைத் திறந்தேன்.

அந்த முற்றத்தில் ஓர் ஆள் மட்டும் நடந்துகொண்டிருந்தான்.

அவசரமே இல்லை. சீறுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக அதற்குள்ளேயே போனான். நுரை முகத்தில் அறைந்தது, முகத்தைத் திருப்பக்கூட இல்லை. இடது கை பீப்பாயின்மேல் இறங்கியது. கட்டைவிரல் ஓட்டையில் அழுந்தியது. சட்டென்று சத்தம் நின்றது.

"குழாய்."

பெர்த்தோல்ட் கண்ணை மூடியபடியே நீட்டினான். குழாயின் திருகு மூடியிருக்கிறதா என்று ஓட்மார் விரலால் தடவிப் பார்த்தான்.

"சுத்தியலை எடுத்து என் கையில வைடா."

இடது கையின் மற்ற விரல்களால் குழாயைப் பற்றி, அதன் முனையைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்தான். விரல் விலகியதும், குழாய் நுழைந்ததும், அடி விழுந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒரே அடி. அப்புறம் ஒரு சொட்டு கசியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அதன் பிறகு அவன் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. சாப்பிட்டோம், காத்திருந்தோம். பிறகு பீப்பாயின் மேல்பக்கம் இருந்த இன்னொரு தக்கையைத் தளர்த்திக் காற்று விட்டான். எங்கள் குவளைகள் சுட்ட களிமண், உள்ளே எவ்வளவு ஏறியது என்று வெளியிலிருந்து தெரியாது. கண்ணுள்ளவர்களும் எட்டி எட்டித்தான் பார்ப்பார்கள். அவன் குவளையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். குழாயை மூடினபோது நுரை விளிம்பில் குவிந்து நின்றது.

"இந்தாடா, உனக்குத்தானே நாக்கு வறண்டு போச்சு."

பெர்த்தோல்ட் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாயாடிப் பயல், குவளைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

என் முறை வந்தது. கைப்பிடி உடைந்த என் குவளையைத் தொட்டதுமே ஓட்மார் சிரித்தான். "நீயா? தலையாட்டினியாமே?"

"ஆட்டினேன்," என்றேன்.

அவன் குழாயைத் திறந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடியில் கனமாக விழுந்த சத்தம் மெல்ல மெல்ல மெலிந்து மேலே ஏறிவந்தது. போதும், வழியப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. விளிம்பைப் பிடித்திருந்த என் கட்டைவிரலை, குளிர்ந்த நுரை தொட்டது.