ஈரம் கழித்த எடை

என் கணவர் எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. அவர் உள்ளே நுழைந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அந்தச் சிரமம் இல்லை; நான் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. "ஒரு வேளைக்கு நூத்தம்பது கிராம் சோறு, ஒரு கப் கீரை. அடுத்த தடவையும் குறையலைன்னா ஊசிதான்" என்றார் டாக்டரம்மா. ஊசி என்றதும் அவர் முகம் வெளிறியது. தடுப்பூசிக்கே மயங்கி விழுந்துவிட்டு, காலையில் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று சாதித்த மனிதர்.

மறுநாள் தராசோடு சமையலறைக்குள் வந்தார். வெந்த சோற்றை நீட்டினேன்.

"இதையா நிறுப்பாங்க? பாதிக்கு மேல தண்ணி. தண்ணியில ஏது சர்க்கரை? ஈரத்தைக் கழிச்சாத்தான் நிகர எடை."

"அவங்க சோறுன்னுதானேங்க சொன்னாங்க?"

"அவங்க டாக்டர். அளவு என் டிபார்ட்மெண்ட்."

அரிசியாகவே நூற்றைம்பது கிராம் நிறுத்துக் கொடுத்தார். வெந்ததும் மூன்று மடங்காகித் தட்டில் குவிந்தது.

"அப்பா, அந்தப் பக்கம் இருக்கீங்களா?" என்று குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் மகள்.

கீரையைப் பச்சை இலையாகவே கப்பில் அளந்தார், அமுக்காமல். வெந்து ஒரு ஸ்பூனாகச் சுண்டியது, மருந்துபோல விழுங்கினார். இரண்டுக்கும் ஒரே விதி, வேகும் முன் அளப்பது. அந்த விதி எப்படியோ அவர் நாக்குக்குச் சாதகமாகவே அமைந்துவிட்டது.

ஒருநாள் அரிசியில் ஒரு பிடியைத் திருட்டுத்தனமாகக் குறைத்தேன். தட்டைத் தூக்கித் தராசில் வைத்தார். "நானூத்தம்பது வரணுமே. எங்க போச்சு?" என் வீட்டிலேயே எடை குறைத்த வியாபாரியாக நின்றேன்.

அடுத்த ரத்தச் சோதனை நெருங்க நெருங்க எனக்குள் ஓர் அசிங்கமான ஆசை வளர்ந்தது. சர்க்கரை குறையக் கூடாது. அவர் உடம்பு கெட வேண்டும் என்றல்ல, அவர் கணக்கு தோற்க வேண்டும் என்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் சங்கடம்.

ஏறித்தான் இருந்தது.

"சொன்ன அளவுதானே சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"துல்லியமா. இவளுக்குத்தான் மேடம், கை கொஞ்சம் தாராளம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்த நொடிவரை சும்மா இருக்கத்தான் நினைத்திருந்தேன்.

"நான் கரண்டிதான் பிடிக்கிறேன், டாக்டர். தராசு அவர் கையில. தட்டுல விழறது நானூத்தம்பது கிராம் சோறு. ஒரு கிராம் குறைஞ்சாலும் கேள்வி வரும்."

"ஈரத்தைக் கழிச்சா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"உங்க உடம்பு கழிக்கலையே சார்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எழுதினார் டாக்டரம்மா.

போடுவது எப்படி என்று நர்ஸ் எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். என் கணவர் அப்போது வராந்தாவில் இருந்தார். வீட்டில் முதல் ஊசிக்கு, டாக்டரம்மா எழுதிய அளவுக்கான கோடுவரை மருந்தை இழுத்து, வழக்கப்படி அவர் கண்ணெதிரே நீட்டினேன்.

"பத்து யூனிட். சரியா இருக்கா, பாருங்க."

சட்டையைத் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"சரியாத்தான் இருக்கும். சீக்கிரம் போடு."

நான் அவசரப்படவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், கோட்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.