வெள்ளிக்கிழமை நண்டு

கை இன்னும் வலிப்பதால் எழுத்து கோணலாக விழுகிறது. என்றாலும் எதையும் விடாமல் முதலிலிருந்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் இதெல்லாம் உண்மையில் நடந்ததா என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

எல்லாம் ஒரு படகில் மிஞ்சிய ஓர் இடத்துக்காகத்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் என்னோடு மாலைக் கணக்கியல் வகுப்பில் படிக்கும் செபஸ்தியனின் மாமாவுக்கு முகத்துவாரத்தில் ஒரு படகு இருக்கிறது. நாளை அல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடக் கடலுக்குப் போகிறார்கள். இன்னும் ஒருவருக்குத்தான் இடம். நானும் கேட்டேன், வத்தளையிலிருந்து வகுப்புக்கு வரும் கிருஷ்ணராஜும் கேட்டான். நான் பிறந்ததிலிருந்து வெள்ளவத்தையில், கடல் தெரியும் மாடி வீட்டில் இருக்கிறேன். ஆனால் முழங்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதில்லை. அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வகுப்பில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"ஒங்கட வெள்ளவத்தை ஆக்கள் கடலை பல்கனியில இருந்துதானே பாக்குறது," என்றான் செபஸ்தியன். "சரி, போட்டி வைப்பம். சனிக்கிழமை காலையில ஒங்கட ஏரியாக் கடக்கரைக் கல்லுலயே. ஒரு சாணுக்கு மேல நீளமான மீனை யார் மொதல்ல எடுக்கிறாங்களோ, அவங்களுக்கு சீட்."

இரை நண்டு மட்டும்தான். இறால் போட்டால் சின்ன மீன்கள் கொத்தியே முடித்துவிடும். நண்டு தூண்டில் முள்ளில் நிற்கும், பெரிய மீனும் தேடி வரும். அவரவர் இரையை அவரவரே தயார் செய்ய வேண்டும் என்றும் பேச்சு.

"எப்படிச் செய்யிறது?" என்று கேட்டேன்.

"ஓட்டைக் கழட்டுங்க, ரெண்டா வெட்டுங்க, முள்ளுல குத்தி நூலால சுத்துங்க. அவ்வளவுதான் மிஸ். பரீட்சை இல்ல."

அவன் என்னைக் கிண்டலாக மிஸ் என்றுதான் கூப்பிடுவான். எனக்கு எல்லாமே பரீட்சைதான். நேற்று வகுப்பு முடிந்ததும் வெள்ளவத்தைச் சந்தையில் உயிர் நண்டுகள் வாங்கினேன். தையல் கடையில் மெல்லிய இலாஸ்டிக் நூலும் வாங்கினேன். கதவைத் திறந்ததும் அம்மாவின் மூக்கு முந்திக்கொண்டது.

"நில், நில். என்ன அது பையிலை?"

"நண்டு அம்மா. கறிக்கில்லை, தூண்டிலுக்கு."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! இப்பதான் விளக்கேத்தினனான்." அம்மாவின் பெயர் நேசமலர். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெயருக்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் குறைவு. "குசினிக்கை கொண்டு போகாதை. ஃபிரிட்ஜுக்கையும் வைக்கப்படாது. பல்கனியிலை இருந்து செய். ஒரு மணமும் வீட்டுக்கை வரப்படாது, சொல்லிப்போட்டன்."

பல்கனியில் பேப்பர் விரித்தேன். நண்டுகளை ஐஸுக்குள் புதைத்து, அசைவு முற்றாக நின்ற பிறகு எடுத்தேன். வயிற்று மடலை நிமிர்த்தி மேலோட்டைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளும் பழுப்புமாகக் குழம்பு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் செவுள்கள். அதையெல்லாம் வழித்தெடுத்துக் கால்களையும் ஒடித்து ஓடுகளோடு ஒரு சொப்பிங் பைக்குள் போட்டேன். உடலை இரண்டாக வெட்டினேன். மணந்து பார்த்தேன், மணம் இருந்தது. கழுவினேன். திரும்பவும் மணந்து பார்த்தேன். வாளித் தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். அதற்குப் பிறகும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இன்னும் மணக்குது!"

மஞ்சளையும் தேசிக்காயையும் எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் நண்டுக்கு எப்போதும் செய்வதுதானே. துண்டுகளில் நன்றாகப் பிரட்டி ஊறவிட்டுக் கடைசியாக ஒரு தரம் அலசி, பழைய ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினேன். பளிச்சென்று, பொன் நிறத்தில், எவ்வளவு ஒழுங்கு! செபஸ்தியன் பார்த்தால் அசந்துபோவான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அந்தக் கழிவையும் விடியக் கையோடை கொண்டு போ," என்றார் அம்மா. "கீழை போட்டா பூனை இழுக்கும்." பையை இறுக முடிந்து பல்கனி மூலையில் வைத்தேன்.

இன்று காலை தண்டவாளத்தைக் கடந்து கற்களுக்கு இறங்கியபோது இருவரும் வந்துவிட்டிருந்தார்கள். செபஸ்தியன் ஒரு தூண்டில் தடியை என் கையில் தந்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கிருஷ்ணராஜைக் கூப்பிட்டான்.

"மச்சான், இங்க வந்து பாரேன்."

கிருஷ்ணராஜ் பார்த்தான். "ஐயோ, நண்டு மஞ்சக்காமாலையில செத்திருக்கு!"

"சுத்தமா இருக்கோணும் எண்டு..." என்று தொடங்கினேன். இருவரும் கற்களில் உட்கார்ந்து சிரித்தார்கள். கிருஷ்ணராஜின் நண்டு கறுத்து, நசுங்கி, ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

அந்தப் பரிதாபம் வெகுநேரம் நிற்கவில்லை. அவன் வீசியதும் அவன் தடி துடித்தது. என் தூண்டிலின் தங்கூசி நூல் காற்றில் மட்டும் ஆடியது. இழுத்துப் பார்த்தேன், துண்டு போனபடியே திரும்பி வந்தது. ஒரு கடிகூட இல்லை. மறுபடி வீசினேன், மறுபடியும் அப்படியே வந்தது. அவன் ஒரு மீனைத் தூக்கிவிட்டான். செபஸ்தியன் கையை விரித்து அளந்தான்.

"சாணுக்கு ஒரு விரல் கொறவு. செல்லாது."

"ஒன்ட கை பெருசுடா!"

அடுத்தது நிச்சயம் அவனுக்குத்தான் என்று தோன்றியது. படகும் போய்விட்டது என்று நினைத்தேன். மணக்கும் பையையாவது முதலில் தொலைப்போம் என்று முடிச்சை அவிழ்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்டு ஓட்டைக் காலடியில் கல்லிடுக்கில் தேங்கிய நீரில் போட்டேன்.

நீர் கொதித்ததுபோல் ஆனது. எங்கேதான் இருந்தனவோ, இடுக்குகளிலிருந்து குஞ்சு மீன்கள் பாய்ந்து வந்து ஓட்டை மொய்த்தன. பக்கத்திலேயே என் பொன்னிறத் துண்டு ஒன்றையும் போட்டேன். ஒரு குஞ்சு வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. தற்செயலாக இருக்கலாம் என்று துண்டை எடுத்து மறுபக்கத்தில் போட்டேன். அங்கேயும் ஒன்றும் வரவில்லை. ஓட்டை இடம் மாற்றினேன். கூட்டம் முழுக்க அதன் பின்னால் போனது.

மீன் நண்டைக் கண்ணால் தேடுவதில்லை! மணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதைத்தான் நான் இரவு முழுக்கத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

ஒரு துண்டை முள்ளில் குத்தினேன். செவுள்களை அதைச் சுற்றி வைத்தேன். கால்களைக் கல்லில் நசுக்கிச் சேர்த்தேன். பைக்குள் மிஞ்சிய குழம்பை எல்லாம் விரலால் வழித்து அப்பி, இலாஸ்டிக் நூலால் இறுக்கச் சுற்றினேன். முழங்கைவரை நாறியது.

"ஹலோ, அது குப்பை!" என்றான் கிருஷ்ணராஜ். "குப்பை எல்லாம் இரையில சேராது."

செபஸ்தியன் நீதவான்போல் யோசித்தான். "நண்டா? நண்டுதான். அவங்களே செஞ்சதா? அவங்களேதான். போடுங்க மிஸ்."

வீசினேன். ஈயக்குண்டு கடலடியில் தட்டுவதை விரலில் உணர்ந்தேன். சின்னதாக ஒரு தட்டு. அலையாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு தட்டு. அது அலை இல்லை. பிறகு யாரோ கீழேயிருந்து தடியைப் பிடுங்கினார்கள்!

"ரீலைச் சுத்தாதீங்க! தடியைத் தூக்குங்க! கல்லுக்குள்ள போகுது!"

தடி வில்லாக வளைந்தது. கால் பாசியில் வழுக்கி முழங்கால் கல்லில் இடித்தது. வலி இப்போதுதான் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ரயில் வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் என்னைக் கண்டு சிங்களத்தில் "அதின்ன நங்கி, அதின்ன!" என்று கூச்சல் போட்டார்கள். தெரியாத ஒரு ரயில் முழுக்க என்னை இழு தங்கச்சி, இழு என்றது. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மீன் கரைக்கு வந்தும் தூக்க முடியவில்லை. அலை அதைத் திரும்பவும் இழுத்தது. அப்போது கிருஷ்ணராஜ் தன் தடியை எறிந்துவிட்டு, வலையோடு இடுப்பளவு நீரில் குதித்தான். அவனுக்குத்தான் அந்த மீனால் நட்டம். ஆனாலும் குதித்தான். நனைந்த சேர்ட்டோடு வலையைத் தூக்கியபோது உள்ளே புள்ளி போட்ட ஒரு கலவாய் மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. செபஸ்தியன் அளக்கக் கையை விரித்துவிட்டு மடக்கிக்கொண்டான்.

"இதை என்னத்துக்கு அளக்குறது? சீட் ஒங்களுக்கு."

"ஆனா இரையை பல்கனியில வச்சு செய்யாதீங்க," என்றான் கிருஷ்ணராஜ், மூக்கிலிருந்து தண்ணீர் வடிய.

வீட்டுக்கு வந்ததும் முழுக்கதையையும் அம்மாவிடம் சொன்னேன், மஞ்சளையும் சேர்த்து. அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு படகைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நீந்தத் தெரியுமே உனக்கு?"

"மிதவைச் சட்டை தருவினமாம்."

அம்மா மீனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். செதில் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. வேண்டாம் என்பார், என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். சத்தம் நின்றது.

"அடுத்த ஞாயிறு விடியத்தானே போறியள்?"

"ஓம்."

"அப்ப சனிக்கிழமை பின்னேரம் நண்டு வாங்கு. வெள்ளிக்கிழமை வாங்கினா நான் திரும்பவும் கழுவச் சொல்லுவன்."