மடங்கிய சுண்டுவிரல்

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் வந்த பதினேழு கிரகங்களும் ஒரே கல்குவாரிதான். மழை பெய்தால் ஈரக் கிரகம், வெயில் அடித்தால் பாலைவனக் கிரகம். இங்கிலாந்தின் டார்பிஷர் மலைப்பக்கம் வெயில் அபூர்வம் என்பதால், சொந்தக் கிரகம் அழிந்து விண்வெளியில் அலைந்த கதாநாயகன் டார்வென் கால் வைத்த இடமெல்லாம் சேறாகவே இருந்தது. அதையும் நாலு வருடம் நாடே வாயைப் பிளந்து பார்த்தது.

முதல் மூன்று வருடம் டார்வெனாக நடித்தவர் லயனல் ஸ்ட்ரவுட். நாலாவது வருடம் காலின் ஹாப்குட். அத்தோடு தொடர் நின்றது. நிறுத்தியது தொலைக்காட்சி நிர்வாகம்தான் என்றாலும், ரசிகர் சங்கத் தலைவர் டெஸ்மண்டைக் கேட்டால் ஹாப்குட் அதன் கழுத்தை நெரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார்.

டெஸ்மண்ட் முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் காஸ் மீட்டர் பார்த்தவர். மாடிப்படிக்கு அடியில், இருட்டில், தூசி படிந்த எண்களைப் படித்துப் பழகிய கண் தன் கண் என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. அந்தக் கண்ணால் தொடர் முழுவதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இரு நடிகர்களையும் ஒப்பிட்டு அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு புத்தகமும் போட்டிருந்தார். ஹாப்குட்டைத் திட்ட நாற்பது பக்கம், ஸ்ட்ரவுட்டைப் புகழ இருபத்துநாலு. திட்டுவது அவருக்குச் சரளமாக வரும்.

இப்போது கல்குவாரி வாசலில் ஒரு நினைவுப் பலகை வைக்க ஆஷ்லோ ஊர்க் கவுன்சில் இடம் கொடுத்திருந்தது. பலகையில் ஒரு நடிகர் பெயருக்குத்தான் இடம். யார் பெயர் என்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. ஹாப்குட் பெயர் வந்தால் முப்பத்தோரு வருடத் தலைவர் பதவியை அன்றே விட்டுவிடுவதாக டெஸ்மண்ட் சங்க இதழில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார். அந்தப் பதவியைத் தவிர அவருக்கு வேறு வேலையோ, விரோதமோ, பொழுதுபோக்கோ கிடையாது.

"ரெண்டு பேரு பேரையும் சின்ன எழுத்துல போட்டா என்ன டெஸ்?" என்று அவர் மனைவி மர்ஜரி கேட்டுப் பார்த்தாள்.

"உன் கல்லறையிலயும் அப்படியே போட்டுடலாமா? பக்கத்து வீட்டுக்காரி பேரையும் சேத்து?"

மர்ஜரி பழக்கேக் சுடப் போய்விட்டாள்.

கூட்டத்தன்று இன்னொரு இடி. ஹாப்குட் ஆதரவாளர்களின் தளபதியான துணைத் தலைவர் கீத், யாரையும் கேட்காமல் ஹாப்குட்டையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். ஸ்ட்ரவுட் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பதிலுக்கு அழைக்க டெஸ்மண்டுக்கு ஆள் இல்லை.

"வரட்டும்ப்பா. மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான் மரியாதை" என்றார் டெஸ்மண்ட். மரியாதை என்ற சொல்லை அவர் அப்படித்தான் பயன்படுத்துவார்.

தேவாலயக் கூடத்துக்குள் எழுபத்தெட்டு வயது ஹாப்குட் மழைக்கோட்டோடு நுழைந்ததும், இரு கட்சிக்காரர்களும் எழுந்து சங்க முறைப்படி வணக்கம் வைத்தார்கள். இடது கையை உயர்த்தி, நாலு விரலை நிமிர்த்தி, சுண்டுவிரலை மட்டும் மடக்குவதுதான் அந்த வணக்கம். ஐம்பது கைகள் ஒரே நேரத்தில் அப்படி எழுந்ததும் கிழவர் முகம் வெளிறியது. இடது கையைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"பாத்தியா திமிர?" என்றாள் ஸ்ட்ரவுட் பக்தை வினிஃப்ரெட். "வணக்கம் வச்சா பதில் வைக்கக்கூட ஆளுக்கு வலிக்குது."

டெஸ்மண்ட் திரையில் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் போட்டார். மூன்றாம் வருடக் கடைசி. வெள்ளிக் கவசத்தில், முகமூடி போட்ட டார்வென் பூமிக்காரர்களிடம் விடைபெறுகிறான். முகம் தெரியாது. கை மட்டும் மெல்ல எழும்.

"பாருங்க," என்றார் டெஸ்மண்ட், கோலால் திரையைத் தட்டி. "நாலு விரலும் நிமிருது. சுண்டுவிரல் மட்டும் நிமிரல. பதினோரு விநாடி! அழிஞ்சுபோன சொந்த மண்ணுக்காக ஒரு விரல் தனியா துக்கம் காக்குது. முகமே இல்லாம இதைச் செய்யணும்னா நடிகனா இருக்கணும். அடுத்தது, நம்ம விருந்தாளி நாலாவது வருஷம் இதே மாதிரி விடைபெற்றது." திரையில் முகமூடி இல்லாத ஹாப்குட் வந்தார், இடது கை அங்கிக்குள் கிடந்தது. "கை எங்க? வருஷம் பூரா தேடிட்டேன். காட்ட ஒண்ணும் இல்லாதவன் மறைக்கத்தானே செய்வான்!"

பாதிக் கூடம் கைதட்டியது. மீதிப் பாதி வெட்கத்தில் செருமியது. ஹாப்குட் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழ வைத்துவிட்டோம் என்று டெஸ்மண்டுக்கு உள்ளூரக் குளிர்ந்தது; வெட்கமும் கொஞ்சம் வந்தது, ஆனால் அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

டீக்கு முன்னால் ஓட்டெடுப்பு கிடையாது என்பது சங்க விதி. விருந்தினருக்குத் தலைவர்தான் கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. டெஸ்மண்ட் விறைப்பாக நீட்டினார். கிழவர் வலது கையில் சாசரை வாங்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் இடது கையைப் பையிலிருந்து எடுத்துக் கோப்பையைத் தூக்கினார். நாலு விரல் கோப்பையைச் சுற்றியது. சுண்டுவிரல் மட்டும், நடுக்கணுவில் உடைந்து, உள்ளங்கைப் பக்கம் மடங்கி நின்றது.

டெஸ்மண்ட் பார்த்தார். அந்த வளைவு, அந்தக் கோணம், கணுவுக்கு மேல் இருந்த புடைப்பு எல்லாம் அவருக்குத் தன் பெண்டாட்டி முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

"எட்டு வயசுல கதவுல நசுங்கினது," என்றார் ஹாப்குட், மெதுவாக. "நீங்கல்லாம் கையைத் தூக்கினதும் என்னைக் கேலி பண்றீங்கன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"அந்தக் காட்சி..." டெஸ்மண்ட் திரைப் பக்கம் திரும்பினார்.

"லயனலுக்கு அந்த வாரம் கழுத்துப் பிடிப்பு. கவசம் ஒரு மூட்டை கனம். நான் அப்ப கூட்டத்துல நிக்கிற துணை நடிகன், உயரம் சரியா இருந்துச்சு, உள்ள தள்ளிட்டாங்க. குரல அவர் அப்புறமா பேசினாரு. அவர் விலகுறப்ப 'அந்தப் பையனுக்கே குடுங்க'ன்னு சொன்னதும் அவர்தான். வேஷம் கெடைச்சதும் டைரக்டர் சொன்ன முதல் வார்த்தை, 'அசிங்கமான அந்த விரல் கேமராவுல தெரியக் கூடாது.'"

"இதை ஏன் சார் நீங்க வெளியில சொல்லல?"

"எனக்குச் சோறு போட்ட மனுஷன் பேரை நான் ஏன் கெடுக்கணும்? நீங்களும் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு." அவர் பையிலிருந்து டெஸ்மண்டின் புத்தகத்தை எடுத்தார். அட்டை புதிதாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் புரட்டிப் புரட்டித் தாள் பிய்ந்து, பசைநாடாவில் தொங்கியது. "இருபத்திரண்டாம் பக்கம். அந்தக் கையைப் பத்தி நீங்க எழுதினது. வாழ்நாள்ல எனக்குக் கெடைச்ச ஒரே நல்ல விமர்சனம் மிஸ்டர் டெஸ்மண்ட். இன்னிக்கு உங்க வாயால கேக்கணும்னுதான் வந்தேன்."

டெஸ்மண்ட் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். நாற்பது பக்கம் திட்டியிருந்தார். காஸ் மீட்டரில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகப் படிக்காதவர் முப்பத்தோரு வருடமாக ஒரு கையைத் தப்பாகப் படித்திருந்தார்.

ஓட்டு எண்ணினார்கள். ஸ்ட்ரவுட் இருபத்துநாலு, ஹாப்குட் இருபத்துநாலு. சமமானால் தலைவர் ஓட்டு முடிவு செய்யும். ஸ்ட்ரவுட் கட்சியினர் அப்போதே கோட்டுகளை மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

டெஸ்மண்ட் எழுந்தார். "என் ஓட்டு காலின் ஹாப்குட்டுக்கு. சொன்னபடி தலைவர் பதவியையும் இத்தோட விட்டுடறேன்."

கூடத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். கேக் வெட்டிக்கொண்டிருந்த மர்ஜரி கத்தியோடு அப்படியே நின்றாள். ஜெயித்த கீத்துக்கே முகம் தொங்கிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து சண்டை போட ஆள் வேண்டாமா?

"ஏம்ப்பா டெஸ், உடம்பு சரியில்லையா?" என்றார் கீத். "காரணம் சொல்லு, குறிப்புல எழுதணும்."

"இருபத்திரண்டாம் பக்கம்னு எழுதிக்கோ."

"அது ஸ்ட்ரவுட்டைப் புகழ்ந்த பக்கமாச்சேப்பா!"

"சொன்னதை எழுதுப்பா."

கடைசி வரிசையில் ஹாப்குட் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து இடது கையை எடுத்தார். மெல்ல உயர்த்தினார். நாலு விரல் நிமிர்ந்தது, ஒன்று நிமிரவில்லை. டெஸ்மண்டை மட்டுமே பார்த்தபடி, அவர் அப்படியே பதினோரு விநாடி நின்றார்.

வினிஃப்ரெட் டெஸ்மண்டின் காதருகே சாய்ந்தாள். "இப்பத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கான் போல. விரலை மடக்கக்கூடத் தெரியல பாரு. ஸ்ட்ரவுட் மடக்குற மாதிரி வருமா?"

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே டெஸ்மண்ட்தான். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"வராது வினிஃப்ரெட்," என்றார். "சத்தியமா வராது."