டிஸ்க் இல்லாமல் சுற்றிய சக்கரம்

எஞ்சின் நின்றிருந்தபோது முதல் கியர் ஒரு விரலால் தள்ளினாலே விழுந்தது. எஞ்சினை முடுக்கிவிட்டுக் கிளட்ச் பெடலைத் தரைவரை மிதித்துத் தள்ளினால் கரகரவென்று பல் உரசும் சத்தம்தான் வந்தது, கியர் விழவில்லை. யோகேந்திரன் வேனைவிட்டு இறங்கி, கதவைச் சாத்தாமலேயே நின்று கியர்க் கம்பியை வெறித்தான்.

“அப்படி முறைச்சுப் பார்த்தா பயந்து உள்ள போயிடுமாண்ணே?” என்றாள் நவமணி.

“சும்மா இருலா. யோசிக்கிறேன்.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க.”

வேன் அவளுடையது. கூலிம் பக்கம் ரப்பர் பால் எடுத்த ஒரு பழைய கித்தாத் தோட்டம். இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அங்கே இன்னும் குடியிருக்கும் பெண்களைக் காலை ஷிப்டுக்குத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவது அவள் வேலை. வேனின் எஞ்சின் பழுதாகிப் போனதிலிருந்து அவர்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போகிறார்கள். திங்கட்கிழமை வேன் வராவிட்டால் அந்த வழியைப் பெரிய பஸ்காரரிடம் கொடுத்துவிடுவதாகத் தொழிற்சாலை சொல்லிவிட்டது. பெரிய பஸ் செம்மண் பாதைக்குள் நுழையாது, மெயின் ரோட்டிலேயே நிற்கும். விடியுமுன் அந்தச் செம்பனைக் காட்டைப் பெண்கள் நடந்துதான் கடக்க வேண்டும். நவமணி அதே தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் அந்தப் பாதையில் நடந்தவள். காட்டுப்பன்றி குறுக்கே ஓடியதையும், பன்றியைவிட மோசமான ஒருவன் பின்னால் வந்ததையும் அவள் மறக்கவில்லை. வேன் வாங்கியதே அதனால்தான்.

இன்று சனிக்கிழமை.

சுங்கைப் பட்டாணியில் வண்டி பழுதுபார்க்கும் பெங்கேல் வைத்திருக்கும் யோகேந்திரன் அவளுக்குப் பெரியப்பா மகன். “நான் ஓட வச்சுத் தரேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தான். அதே மாடல் எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. ஹாஃப் கட் கடையில், அதாவது ஜப்பானில் ஓடிக் கழித்த கார், வேன் காடிகளைப் பாதியாக வெட்டி முன்பாதியைக் கப்பலில் வரவழைத்து விற்கும் கடையில், அதே கம்பெனியின் பெரிய எஞ்சின் ஒன்று கிடைத்தது. போல்ட் துளைகள் பழைய கியர்பாக்ஸோடு பொருந்தின. ஒரே ஒரு சிக்கல். அது ஓட்டோ காடியின், அதாவது கியர் தானாக மாறும் வண்டியின், எஞ்சின். நவமணியின் வேனோ மேனுவல்.

ஓட்டோ காடியில் கிளட்ச் கிடையாது. மேனுவலில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு, அது ஃப்ளைவீல். அதன்மேல் கிளட்ச் டிஸ்க், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்க ஒரு கவர். பெடலை மிதித்தால் கவர் பிடியை விடும், டிஸ்க் தனியாக நிற்கும், கியர் மாற்றலாம். ஆகவே யோகேந்திரன் ஒரு பிக்கப்பின் ஃப்ளைவீலையும் கவரையும் தேடிப் பிடித்தான். டிஸ்க்தான் அலைக்கழித்தது. அதன் வெளிவட்டம் எஞ்சின் பக்கத்துக்குப் பொருந்த வேண்டும். நடுத்துளையில் இருக்கும் பற்கள் கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பிடித்த மாப்பிள்ளை மாதிரி. கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் பெரிய டிஸ்க் ஒன்றின் நடுவைக் கழற்றி, பழைய டிஸ்க்கின் பல் நடுவை அதில் ரிவெட் அடித்து வாங்கினான்.

இன்னொன்றும் மிச்சமிருந்தது. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு, எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டின் பின்முனையில் ஒரு வெண்கல வளையத்துக்குள் உட்கார வேண்டும். புஷ் என்பார்கள். கிராங்க் சுற்றும்போதும் ஷாஃப்ட் ஆடாமல் அசையாமல் நிற்க அந்தப் புஷ்தான் துணை. ஓட்டோ எஞ்சினில் புஷ் இல்லை, பெரிய துளை மட்டும் இருந்தது. லேத் கடைப் பரஞ்சோதி அதற்கு ஒரு புஷ் கடைந்து கொடுத்தார். ஷாஃப்டின் மூக்கில் போட்டுச் சுற்றிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. யோகேந்திரன் அதைக் கிராங்கின் துளைக்குள் அடித்து இறக்கினான்.

எல்லாம் சரி. ஆனாலும் கியர் விழவில்லை.

அவன் பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தான். சக்கரங்கள் சுற்றின. கிளட்ச் விடவில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். பெடல் எண்ணெயில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. கியர்பாக்ஸை இறக்கி, கவரின் நடுவில் ஒரு குழாய்த் துண்டை வைத்து ஜாக்கால் அழுத்தினான். டிஸ்க் கையால் தள்ளியதும் தாராளமாக நகர்ந்தது.

“விடுதேலா,” என்றான். “கிளட்ச் நல்லாதான் விடுது.”

“அப்ப கியர் பொட்டிய ஏத்தினா மட்டும் ஏன் விடல?” நவமணி ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து பால் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தாள். “ஏத்துறப்பவே அது வரமாட்டேன்னுதானே அடம் பிடிச்சுது? கடைசியா ஒரு விரக்கடை. நீங்க போல்ட்ட இறுக்கி இறுக்கி இழுத்தீங்க.”

“அது டிஸ்க் நடுவுல நிக்காம கொஞ்சம் தள்ளி இருந்திருக்கும்.”

“இருந்திருக்குமா, இருந்துச்சா?”

யோகேந்திரன் கையிலிருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். கிளட்ச் விடுகிறது, ஆனாலும் ஷாஃப்ட் சுற்றுகிறது. அப்படியானால் ஷாஃப்டைச் சுற்றுவது கிளட்ச் இல்லை. எஞ்சின் அந்த ஷாஃப்டைத் தொடும் இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

உடனே டிஸ்க்கையும் கவரையும் கழற்றி ஓரமாக வைத்தான். வெறும் ஃப்ளைவீலோடு கியர்பாக்ஸை மறுபடி ஏற்ற ஆரம்பித்தான். இந்த முறையும் கடைசி ஒரு விரக்கடை வர மறுத்தது.

“டிஸ்க் போடாமலா?” நவமணி எழுந்தே விட்டாள். “அண்ணே, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“டிஸ்க் இல்லன்னா எஞ்சினுக்கும் பொட்டிக்கும் நடுவுல என்ன இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது.”

“அப்ப சக்கரம் சுத்தக்கூடாது. சுத்தினா, களவாணி யாருன்னு தெரிஞ்சுரும். சக்கரத்துகிட்ட போகாம பாரு.”

கியரைப் போட்டு எஞ்சினை முடுக்கினான். பின்சக்கரம் ஒரு நொடி தயங்கியது, பிறகு நிதானமாகச் சுற்றத் தொடங்கியது. பிடித்துச் சுற்ற டிஸ்க்கே இல்லாத வண்டியில் சக்கரம் சுற்றுவதை நவமணி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். யோகேந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பரஞ்சோதிக்குப் போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய கையோடு பரஞ்சோதி வந்தார். சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோல், முகத்தில் கடுப்பு.

“நான் கடைஞ்சத என்கிட்டயே குத்தம் சொல்றியா தம்பி? உன் கண்ணு முன்னாலதானே சுத்திக் காட்டினேன்?”

“சுத்துச்சு. இல்லன்னு சொல்லல. இப்ப அளந்து பாருங்க.”

கியர்பாக்ஸ் மறுபடி கீழே இறங்கியிருந்தது. ஷாஃப்டின் மூக்கு சூடேறி நீலம் பாரித்திருந்தது. பரஞ்சோதி வேனுக்கடியில் படுத்து, கிராங்கில் இருந்த புஷ்ஷின் உள்வாயை அளந்தார். அளவைப் படித்தார். அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

“நான் கடைஞ்சப்ப இந்த அளவு இல்ல,” என்றார், குரல் இறங்கி.

“கழண்டு வரக்கூடாதுன்னு வெளிச்சுத்த ஒரு இழை பெருசா விட்டீங்க. நான் சுத்தியலால அடிச்சு இறக்கினேன். கிராங்க் இரும்பு, அது விரிஞ்சு கொடுக்காது. அப்ப வெண்கலம் எந்தப் பக்கம் போகும்?”

“உள்பக்கம்.”

“உள்வாய் சுருங்கிருச்சு. ஷாஃப்ட் மூக்கப் பிடிச்சுகிட்டு அதையும் சேர்த்துச் சுத்துது.”

“அடிச்சப்புறம் என்கிட்ட காட்டியிருக்கணும் நீ.”

“அடிச்சா சுருங்கும்னு நீங்க சொல்லியிருக்கணும்.”

“ரெண்டு பேரும் நாளைக்கு விடிகாலைல அந்தச் செம்பனைப் பாதையில நடந்துகிட்டே பேசி முடிவு பண்ணுங்க,” என்றாள் நவமணி. “இப்ப வேலையப் பாருங்க.”

பரஞ்சோதி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சரியான அளவு ரீமரோடு திரும்பினார். அது நெடுக வெட்டுவாய்கள் கொண்ட எஃகுக் கம்பி; துளைக்குள் விட்டுத் திருகினால் மயிரிழை மயிரிழையாகச் சீவும். புஷ் இருந்த இடத்திலேயே உள்வாயைச் சீவினார். யோகேந்திரன் ஷாஃப்டின் மூக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினான். துகள்களைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தார்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்கள். டிஸ்க்கையும் கவரையும் பூட்டி, டிஸ்க்கை நடுவில் நிறுத்தி, கியர்பாக்ஸைத் தூக்கினார்கள். இந்த முறை எந்த போல்ட்டையும் இறுக்கி இழுக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டி தானாகவே கடைசிவரை போய் எஞ்சினோடு ஒட்டி நின்றது.

வேன் தரையில் இறங்கியதும் யோகேந்திரன் சாவியை நவமணியிடம் கொடுத்தான். அவள் ஏறி எஞ்சினை முடுக்கினாள், பெடலை மிதித்தாள், கம்பியைத் தள்ளினாள். சத்தமில்லாமல் முதல் கியர் விழுந்தது. பெடலை மெல்ல விட்டதும் வேன் பெங்கேல் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, எஞ்சினை அணைக்காமலேயே ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“நாளைக்கு அந்தப் பொண்ணுங்க கேப்பாங்கண்ணே. வேனுக்கு என்னாச்சு, எப்படிச் சரி பண்ணீங்கன்னு. என்ன சொல்ல?”

“கிராங்குக்குள்ள அடிச்சதும் புஷ் சுருங்கிருச்சு. அடிச்சப்புறம் அளந்து, ஷாஃப்ட் தாராளமா சுத்துற அளவுக்கு உள்வாயச் சீவினோம். அவ்வளவுதான்.”